நோட்டீஸ் பலகையில் ஒட்டாத பெயர்கள்

எங்கள் இருவரையும் துபாய்க்கு அனுப்பியது அடையாறு. கேட்பவர்கள் இதை அலங்காரப் பேச்சு என்று நினைக்கிறார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு மனுஷியின் முகவரியை ஆறு எப்படி மாற்றும் என்று அவர்கள் சொல்வார்கள்.

எனக்குச் சொந்த வீடு சிட்லபாக்கத்தில். நான் காதலித்தவனுக்கு மேற்குத் தாம்பரத்தில், ரயில்வேயில் வேலை பார்த்த அவன் அப்பா கட்டிய வீடு. இடையில் இருப்பது ரயில் தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும்தான். ஆனால் நான் இந்து, அவன் கிறிஸ்தவன். என் வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அவன் வீட்டில், நான் ஞானஸ்நானம் வாங்கினால் பேசலாம் என்றார்கள். நான் மதம் மாறுவதில்லை, அவனையும் மாறச் சொல்வதில்லை என்று இருவருமே முடிவு செய்திருந்தோம். அந்த முடிவில் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அப்படியானால் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்திருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இருவரும் இந்துக்களாக இருந்திருந்தால் வழி சுலபம். அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின்படி நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே அது திருமணம். இரு மதத்தவர்கள், யாரும் மதம் மாறாமல் மணக்க, எங்களுக்குத் தெரிந்த வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளும் எங்கள் பெயரும் வயதும் தொழிலும் வீட்டு முகவரியும் பதிவு அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தாம்பரம் பதிவு அலுவலகத்துக்கு மனை வாங்க, விற்க, வில்லங்கச் சான்று எடுக்க வராத குடும்பம் எங்கள் பகுதியில் இல்லை. அந்தப் பலகையில் என் பெயர் ஏறிய மறுநாள் நான் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் நடந்தது. முப்பதாம் நாளுக்கு முன்பே அவளை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அதனால் கல்யாணம் செய்யாமலே சேர்ந்து குடியேறினோம். புரட்சி செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. நான் பத்தாம் வகுப்பு படித்த 2005-இல் நடிகை குஷ்பு கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்கத் துடைப்பமும் செருப்புமாக ஊர்வலம் போனதை டிவியில் பார்த்தவள் நான். அவர் மேல் போட்ட வழக்குகள் 23. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. வயது வந்த இருவர் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்றும் சொன்னது. அப்போது நான் பி.காம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்த அப்பா, "கோர்ட்டு சொல்லிட்டா ஆச்சா, தெரு ஒத்துக்கணுமே" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பழைய பெருங்களத்தூர் என்று புரோக்கர்களோடு அலைந்தபோது 'டு லெட்' பலகைக்குக் கீழே எல்லா இடத்திலும் 'ஃபேமிலி ஒன்லி' என்றுதான் இருந்தது. கல்யாணச் சான்றிதழை ஒருவரும் கேட்கவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று மட்டும் தவறாமல் கேட்டார்கள்.

கடைசியில் முடிச்சூரில் ஒரு வீடு கிடைத்தது. வாடகை குறைவு, வீட்டுக்காரர் வெளியூர். சிறுசேரியில் நைட் ஷிஃப்ட், அங்கேயே பி.ஜி.யில் தங்கிக்கொள்கிறேன் என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அவன் ஏ.சி. டக்ட் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். வேலை இடத்தில் தங்குவதாகச் சொல்லியிருந்தான்.

2015 நவம்பர் பாதியிலேயே முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒருமுறை மூழ்கின. வடிந்த பிறகு சேற்றைக் கழுவி, மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி குடியேறினோம். டிசம்பர் 1-ஆம் தேதி பெய்தது வேறு மழை. மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்த வெள்ளம் என்றே எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். முடிச்சூருக்கு அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் மேலே. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அது காலங்காலமாகப் போன வழியில் மனை போட்டு விற்றிருந்தார்கள். அதில் ஒன்றில்தான் நாங்கள் படுத்திருந்தோம்.

இரவு கட்டிலுக்கு மேலே தண்ணீர் ஏறியபோது மாடியில் இருந்த குடும்பம் கதவைத் திறந்து எங்களை ஏற்றிக்கொண்டது. மறுநாள் மீனவர்கள் கொண்டுவந்த படகில் ஏறினோம். என் கையில் இருந்தது சான்றிதழ் ஃபைல் மட்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே நோட்டுப் புத்தகத்தில் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் தன் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். எழுதுகிறவர் "வொய்ஃபா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுதிவிட்டார். அரசாங்கச் சம்பந்தமில்லாத ஒரு நாற்பது பக்க நோட்டில்தான் நாங்கள் முதன்முதலில் கணவன் மனைவி ஆனோம்.

மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுக்க வந்தவர்களில் என் சித்தப்பாவும் இருந்தார். பொட்டலத்தை என் கையில் வைத்தார். பக்கத்தில் ஒரே போர்வையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். செல்போன்கள் செத்துக் கிடந்த அந்த நாளில் அவர் சிட்லபாக்கம் வரை நடந்தே போய்ச் சொல்லியிருக்கிறார். மாலையில் அப்பா வந்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்தார். இருக்கிறேன் என்று தெரிந்ததும், "இனிமே அந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வெள்ளத்தில் போன பாத்திரம் பண்டத்தை ஒரு மாதத்தில் வாங்கிவிட்டோம்.

அதன் பிறகு தாம்பரத்தில் இருக்க முடியவில்லை. மார்க்கெட்டில், ஸ்டேஷன் மேம்பாலத்தில், சானடோரியம் பஸ் நிறுத்தத்தில் எங்கே நின்றாலும் தெரிந்த முகம். 2016-இல் அவன் விசிட் விசாவில் துபாய் போய் வேலை தேடிக்கொண்டான். சில மாதங்களில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்காளராக நானும் போனேன். தனித்தனி நிறுவனம், தனித்தனி விசா. கராமாவில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பலகை வைத்து மறைத்த பார்ட்டிஷன் அறை. மற்ற இரண்டு அறைகளிலும் மலையாளக் குடும்பங்கள்.

துபாய் என்றதும் எல்லாம் சுதந்திரம் என்று ஊரில் நினைப்பார்கள். அப்போது இருந்த அமீரகச் சட்டத்தில் கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது குற்றம். பிடிபட்டால் சிறை, அதற்குப் பிறகு நாடு கடத்தல். கதவைத் தட்டிக்கொண்டு போலீஸ் வருவதில்லை, உண்மைதான். ஆயிரக்கணக்கானோர் எங்களைப் போலவே இருந்தார்கள். ஆனால் யாராவது புகார் கொடுத்தால் போதும். அதனால் அந்த அறையில் நாங்கள் குரல் உயர்த்திச் சண்டை போட்டதே இல்லை. பக்கத்து அறைக்காரரோடு சமையலறை முறைக்காகக் கூட வாக்குவாதம் செய்ததில்லை. நாத்தூருக்கு, அதாவது கட்டிடக் காவலாளிக்கு, பண்டிகைக்குத் தவறாமல் கையில் ஏதாவது வைப்போம். என் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. அறை எண்ணைக் கேட்கிற யாருக்கும் "ஊரில் கல்யாணம் ஆயிற்று, சர்டிஃபிகேட் அட்டெஸ்ட் ஆகி வரணும்" என்று ஒரே பதில். அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லித்தந்தது பக்கத்து அறைச் சேச்சி. அவர் நர்ஸ்.

சேச்சிதான் இன்னொன்றையும் சொன்னார். கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பது கல்யாணச் சான்றிதழை. அது இல்லாமல் பிரசவம் பார்த்தால் விவகாரம் போலீஸ் வரை போகும். என் அலுவலகத்தில் ஒரு ஃபிலிப்பினோ பெண் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மணிலாவுக்கு விமானம் ஏறினாள். ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு மாதம் நாள் தள்ளிப்போனால் அவன் இரவெல்லாம் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருப்பான்.

நாடு எதுவோ அதைப் பொறுத்து ஒரே உறவுக்கு வேறு வேறு மதிப்பு. என்னோடு படித்த ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். அங்கே ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், கூட்டு வங்கிக் கணக்கு காட்டினால் துணையாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட அப்படியே. சிங்கப்பூரில் நல்ல சம்பளத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் தன் துணைக்கு நீண்டகால விசிட் பாஸ் கேட்கலாம். அமெரிக்காவில் எச்-4 துணை விசா வேண்டுமானால் கல்யாணம் ஆகியிருந்தே தீர வேண்டும். எங்களுக்கு வேலை கிடைத்த ஊர் துபாய். படிப்பும் சம்பளமும் எந்த ஊருக்குத் தள்ளுகிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் நம் படுக்கையறைக்கும் சட்டம்.

லீவுக்கு வந்தாலும் இதே கதைதான். வருட லீவு 30 நாள். சிறப்புத் திருமணச் சட்டம் கேட்பது 60 நாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மாதம் லீவு தருகிற முதலாளி எங்களுக்கு வாய்க்கவில்லை. தூதரகம் மூலம் செய்யலாம் என்று 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தைப் பார்த்தோம். அதிலும் நோட்டீஸ் உண்டு, அது இந்தியாவிலும் வெளியிடப்படும். 2019 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது தாம்பரத்தில் ஒரு லாட்ஜிலும் எங்களுக்கு அறை இல்லை. ஆதார் இரண்டிலும் முகவரி உள்ளூர், அதுவும் வேறு வேறு தெரு. அதே மாதம்தான் கோயம்புத்தூரில் பூட்டப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணமாகாத இருவர் அறை எடுப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லியிருந்தது. அந்தச் செய்தியை நான் லாட்ஜ் வரவேற்பில் இருந்தவரிடம் போனில் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தெரியும் மேடம், ஓனர் ஒத்துக்க மாட்டார்" என்றார். அவன் அவன் வீட்டுக்குப் போனான். நான் தோழி வீட்டில் படுத்தேன். அம்மாவை மட்டும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் பார்த்துவிட்டு ஜனவரியில் திரும்பினோம்.

2020 மார்ச் 22-ஆம் தேதியோடு இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. இரண்டு மூன்று நாளில் அமீரகமும் நிறுத்தியது. ஏப்ரல் 4-ஆம் தேதியிலிருந்து துபாயில் 24 மணி நேரமும் ஊரடங்கு. மருந்து, காய்கறி வாங்க வேண்டுமானாலும் போனில் அனுமதி எடுத்து ஒருவர்தான் போக வேண்டும். பலகை வைத்த அறைகளில் ஆறேழு பேராக இருந்தவர்களுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்லி முடியாது. ஒருவர் இருமினால் மொத்த ஃபிளாட்டும் மூச்சை அடக்கும்.

எங்கள் பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு தமிழர் இறந்தார். கட்டுமானத்தில் ஃபோர்மேன். அவரோடு பல வருடம் ஒரே அறையில் வாழ்ந்த பெண்ணை எனக்கு மளிகைக் கடையில் பழக்கம். கொரோனாவில் இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்ப முடியாத நேரம் அது. அங்கேயே தகனம் செய்ய வேண்டும். அதற்கு ஊரில் இருக்கிற ரத்த சொந்தத்தின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. ஊரில் அவருக்கு இருந்தது பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பி. அந்தத் தம்பியின் கையெழுத்து வாட்ஸ்ஆப்பில் வந்தது. இறந்தவருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் இருமல் வரும் என்று தெரிந்த அந்தப் பெண்ணுக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட இடமில்லை. அவர் போலீசுக்குப் பயந்து அன்று இரவே அறையைக் காலி செய்தார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை.

மே மாதம் அவனுக்கு வேலை போயிற்று. முதலில் சம்பளமில்லாத விடுப்பு, பிறகு விசா ரத்து. வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7-இல் தொடங்கியிருந்தன. முதலில் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாளிகள், வேலை இழந்தவர்கள். வேலை போனவன் அவன், வேலை இருந்தவள் நான். கணவன் மனைவி என்றால் இருவரையும் ஒரே பட்டியலில் கேட்டிருக்கலாம். எங்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வங்கிக் கடனும் அறை வாடகையும் என் சம்பளத்தில் நின்றன. ஜூன் முதல் வாரம் அவனுக்கு இடம் கிடைத்தது. விமான நிலையம் வரை நான் போக முடியவில்லை. டாக்ஸியில் ஏறும்போது முகக்கவசத்தோடு கையை மட்டும் தூக்கினான்.

அரசு ஏற்பாடு செய்த இடத்தில் தனிமைப்படுத்தல் முடிந்து அவன் மேற்குத் தாம்பரம் வந்தபோது சென்னையையும் சுற்றியிருந்த மாவட்டங்களையும் ஜூன் 19-இலிருந்து மறுபடி பூட்டினார்கள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ். மின்சார ரயில் ஓடவில்லை. ஜூலை கடைசியில் அவனுக்குக் காய்ச்சல். இரண்டு நாளில் மூச்சுத் திணறி, ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் அப்பாவுக்கும் தொற்று. அவர் வீட்டில் படுத்திருந்தார். கையெழுத்துப் போட்ட அவன் அக்கா திருநெல்வேலியில் இருந்தார். என் நம்பரை அவர் எப்போதோ பிளாக் செய்திருந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். ஃபிரெண்டு என்றேன். "அட்டெண்டர்கிட்ட மட்டும்தான் சொல்வோம்" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி போன் செய்தேன். வேறு குரல், அதே பதில். அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். அவன் ஐ.சி.யு.வில் இருக்கிறானா வார்டில் இருக்கிறானா, ஆக்சிஜன் எவ்வளவு, உயிரோடு இருக்கிறானா என்பது எதுவும் எனக்குத் தெரியாது. நான்கு வருடம் ஒரே அறையில் வாழ்ந்தவளுக்கு அந்தத் தகவலைக் கேட்கிற தகுதி இல்லை. கராமா அறையில் உட்கார்ந்து நான் எக்செல் ஷீட்டில் சரக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என் வேலையும் போனால் அவன் பில்லைக் கட்ட ஆள் இல்லை.

இரவு அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா தூங்கும் நேரம் பார்த்து அம்மாதான் எப்போதும் பேசுவாள். அன்று நானே அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் அமைதி. பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். பெயரைச் சொன்னேன். "சரி, வை. அழுவாதே, போன்ல சார்ஜ் போட்டு வை" என்றாள்.

மறுநாள் காலை அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு, சிட்லபாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வரை நடந்திருக்கிறாள். முட்டி வலிக்காரி. இரும்பு கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். செக்யூரிட்டி அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"மாமியார்னு சொன்னேன்டி" என்றாள் அன்று மதியம் போனில். "வேற என்னத்தச் சொல்றது, சொல்லு. மாமியார்னதும் உக்காரச் சேர் போட்டாங்க. ஒரு நர்ஸ் பொண்ணு வெளிய வந்து சொல்லுச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாம். எண்பத்தெட்டுல இருந்துதாம், இப்ப தொண்ணூத்திரெண்டாம். நீ சாப்பிட்டியா?"

ஐந்து வருடமாக அவன் பெயரைச் சொல்லாதவள் அவள். வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் "அந்தப் பையன்" என்பதற்கு மேல் போனதில்லை. ஒரு செக்யூரிட்டியிடம், ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, மாமியார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதன் பிறகு தினமும் போனாள். அந்த நர்ஸ் பொண்ணும் தினமும் கேட்டுக்கு வந்து எண்ணைச் சொன்னாள். அம்மா அதை மளிகைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் படிப்பாள். ஒருநாள் நல்ல மழை. அப்பா ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை வெளியே எடுத்திருக்கிறார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

அந்த ஆகஸ்ட் 10-ஆம் தேதியிலிருந்து ஜெர்மனி, கல்யாணமாகாத துணைகளை எல்லைக்குள் அனுமதிக்கத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பிரிந்து கிடந்த ஜோடிகள் 'காதல் சுற்றுலா அல்ல' என்று மாதக்கணக்கில் அரசுகளுக்கு எழுதிக்கொண்டே இருந்ததன் பலன் அது. டென்மார்க் அதற்கும் முன்பே அனுமதித்திருந்தது. உறவு உண்மை என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள், சந்தித்ததற்கான சில சான்றுகள், அவ்வளவுதான் கேட்டார்கள். எனக்கு அது எந்த விதத்திலும் உதவாது. இருந்தாலும் அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஊர்ல அறிவுள்ளவங்க இருக்காங்க" என்றாள்.

அவன் பிழைத்தான். டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோவில் அம்மாவும் கூட ஏறி மேற்குத் தாம்பரத்தில் இறக்கிவிட்டு வந்தாள். அவன் அப்பாவுக்குக் கஞ்சியும் கொடுத்துவிட்டு.

நவம்பர் 7-ஆம் தேதி அமீரகம் சட்டத்தை மாற்றியதாக அறிவித்தது. கல்யாணமாகாதவர்கள் சேர்ந்து வாழ்வது இனிக் குற்றமில்லை. சேச்சி என் அறைக் கதவைத் தட்டி போனைக் காட்டினார். நான்கு வருடம் பயந்து பயந்து வாழ்ந்த அறையில் அன்றிலிருந்து பயமில்லாமல் வாழலாம். ஆனால் அவன் தாம்பரத்தில் இருந்தான். பிறகு வந்த புதிய குற்றவியல் சட்டம் 2022 ஜனவரி 2-இல் அமலானது. அதிலும் கணவரோ காப்பாளரோ புகார் கொடுத்தால் வழக்கு உண்டு. குழந்தை பிறந்தால் பெற்றோர் அதை ஏற்றுப் பதிவு செய்தாக வேண்டும். முழு விடுதலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2021 தொடக்கத்தில் புதிய வேலையோடு அவன் திரும்பி வந்தான். அந்த வருட முடிவில் அபுதாபி, முஸ்லிம் அல்லாதவர்களுக்காகச் சிவில் திருமணச் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் அந்த நீதிமன்றத்தில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். என்ன மதம் என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை, அப்பா சம்மதம் கேட்கவில்லை, 30 நாள் பலகையில் ஒட்டவில்லை. வீடியோ அழைப்பில் அம்மா இருந்தாள். அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை.

2020 வரை எங்களைச் சிறையில் போட்டிருக்கக்கூடிய ஒரு நாடு, இரண்டே வருடத்தில் எங்களுக்குச் செய்துகொடுத்ததை, சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010-இலேயே சொன்ன நம் நாடு இன்னும் செய்யவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், மணமக்கள் விரும்பினால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. சாதி மறுத்து, மதம் மறுத்து மணக்கிறவர்களுக்காக என்றே எழுதிய சட்டம், அவர்களைத் தேடுகிறவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பிரிவை எடுக்க வேண்டும்.

கல்யாணமே வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்து சேர்ந்து வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அவர்களுக்கும், வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்கும் நான் பட்டதிலிருந்து சொல்ல வேண்டியது உண்டு. உயில் எழுதுங்கள்; நம் நாட்டில் வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டாலே செல்லும், பதிவு கட்டாயமில்லை. துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயிலைப் பதிவு செய்ய 2015 முதல் தனி மையமே இருக்கிறது. எல்.ஐ.சி.யில் துணையை நாமினியாகப் போட்டதோடு நின்றுவிடாதீர்கள். பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் தவிர மற்ற நாமினிகள் பணத்தை வாங்கும் கைகள்தான். வாரிசுகள் உரிமை கேட்டு வரலாம். உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் பேச வேண்டும் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். கூட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு, எது கிடைக்கிறதோ அதில் இருவர் பெயரையும் ஏற்றுங்கள். காதலுக்குச் சான்று எதற்கு என்று நானும் அவனும் பேசியதுண்டு. அந்த ஃபோர்மேனோடு வாழ்ந்த பெண் அறையைக் காலி செய்த இரவுக்குப் பிறகு பேசவில்லை.

சிட்லபாக்கத்திலோ முடிச்சூரிலோ, இப்படி ஒரு பிள்ளையோடு பேசாமல் இருக்கிற அப்பா அம்மாக்களிடம் கேட்பது ஒன்றுதான். கோபம் இருந்தால் இருக்கட்டும். அந்தப் பிள்ளையோடு வாழ்கிறவரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பரையும் அவர்களுக்குக் கொடுங்கள். யார் நம்பரையும் பிளாக் செய்யாதீர்கள்.